கொல்லப்பட்டவர்கள் சேர்த்துவைத்த அருங்காட்சியகம்

யூதப் பேரழிப்பு என்றதும் பலருடைய மனத்தில் எழும் படம் ஒன்று உண்டு. ஒரு சிறுவன் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நிற்கிறான். தலையில் பெரிய தொப்பி, மேலே கோட்டு, அரைக்கால் சட்டைக்குக் கீழே வெறும் முழங்கால்கள். பின்னால் துப்பாக்கியுடன் ஜெர்மன் சிப்பாய். 1943இல், யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் நூலட்டைகளிலும் எண்ணற்ற முறை அச்சாகியிருக்கிறது. அதை எடுத்தது யார் என்று கேட்பவர்கள் குறைவு. கெட்டோ எழுச்சியை நசுக்கிய எஸ்.எஸ். தளபதி யூர்கன் ஸ்ட்ரோப், தான் முடித்த வேலையைத் தன் மேலிடத்துக்குக் காட்டத் தோல் அட்டை கட்டி ஓர் அறிக்கை தயாரித்தான். அதில் ஒட்டப்பட்ட படங்களில் ஒன்று அது. அந்தச் சிறுவனை நாம் இன்றும் பார்ப்பது அவனைப் பிடித்தவர்களின் கண் வழியாகத்தான்.

இந்தச் சிக்கல் யூத வதையை நினைவுகூரும் எல்லா அருங்காட்சியகங்களுக்கும் உண்டு. எஞ்சியிருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி கொன்றவர்களுடையது. கோப்புகள் அவர்கள் எழுதியவை, படங்கள் அவர்கள் எடுத்தவை, பொருள்கள் அவர்கள் பறித்துக் குவித்தவை. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காலணிகள் இருக்கின்றன. பெண்களின் தலையிலிருந்து வெட்டிய கூந்தல் சுமார் இரண்டு டன் இருக்கிறது. மூக்குக் கண்ணாடிகள், செயற்கைக் கால்கள், சமையல் பாத்திரங்கள், பெயர் எழுதிய பயணப் பெட்டிகள் என்று கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னால் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அவற்றின் முன் நிற்பவர் கலங்காமல் திரும்ப முடியாது. அவை அவசியமானவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்களுக்கு அந்தக் குவியல்களே பதில். ஆனால் குவியல் என்பது கொலையாளியின் கிடங்கு. மனிதர்களை எடைபோட்டுக் கணக்கெழுதிய ஒருவன் அவர்களை எப்படிப் பார்த்தானோ அப்படித்தான் அது நம்மையும் பார்க்கவைக்கிறது. வாஷிங்டனில் 1993இல் திறக்கப்பட்ட ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தைத் திட்டமிட்டபோது ஆஷ்விட்ஸ் கூந்தலை அங்கும் வைக்கும் யோசனை இருந்தது. தங்கள் தாயின், சகோதரியின் கூந்தல் அதில் இருக்கலாம் என்று உயிர்பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். கூந்தலுக்குப் பதிலாக அதன் புகைப்படம் வைக்கப்பட்டது. அந்த எதிர்ப்பில் இருந்த நியாயம், இறந்தவர்களை எந்தக் கோலத்தில் நினைவுகூர்வது என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு இறந்தவர்களே பதில் எழுதிவைத்த இடம் ஒன்று வார்சாவில் இருக்கிறது. த்லோமாட்ஸ்கியே தெருவில் உள்ள யூத வரலாற்று நிறுவனம் அது. ஆஷ்விட்ஸுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். அதே வார்சாவில் 2014இல் நிரந்தரக் காட்சியைத் திறந்த போலின் அருங்காட்சியகமும் பெரும்புகழ் பெற்றது. இந்தப் பழைய கட்டடத்துக்கு வருபவர்கள் அவற்றோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. யூதப் பேரழிப்பைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் இதையே சொல்வேன்.

கட்டடமே ஒரு சான்று. 1930களில் யூத நூலகத்துக்காகவும் யூதவியல் ஆய்வுக்காகவும் கட்டப்பட்டது. பக்கத்திலேயே 1878இல் திறந்த வார்சாவின் பெரிய யூதத் தொழுகைக் கூடம் இருந்தது. எழுச்சி முறியடிக்கப்பட்டதைக் கொண்டாட 1943 மே 16 அன்று ஸ்ட்ரோப் அதை வெடிவைத்துத் தகர்த்தான். தீ நூலகத்துக்கும் பரவியது. நூலகம் முழுதாக அழியவில்லை. இன்று உள்ளே நுழைந்ததும் முன்கூடத்தின் தரையைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீ பொசுக்கிய தடங்கள் கற்களில் அப்படியே இருக்கின்றன. புதுப்பித்தபோது அவற்றை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி முகப்புடன் நீல நிற அலுவலகக் கோபுரம் நிற்கிறது. கெட்டோ இருந்த ஆண்டுகளில் இந்த நூலகக் கட்டடத்தில்தான் யூதர்களின் சுயஉதவி அமைப்பு இயங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூம்.

ரிங்கெல்ப்ளூம் 1900இல் இன்றைய உக்ரைனில் உள்ள புச்சாச் என்ற ஊரில் பிறந்தவர். வார்சா யூதர்களின் இடைக்கால வரலாறு பற்றி எழுதி 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். இடதுசாரி சியோனிஸ்ட். பள்ளி ஆசிரியர். வரலாற்றை அரசர்களின் வாழ்விலிருந்து அல்ல, கைவினைஞர், வண்டிக்காரர், சிறுவியாபாரிகளின் வாழ்விலிருந்து எழுத வேண்டும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1938இல் ஜெர்மனி தன் நாட்டிலிருந்த போலந்து யூதர்களைத் துரத்தியபோது எல்லையோர ஊரான ஸ்போன்ஷினில் நிர்க்கதியாக நின்றவர்களுக்கு உதவப் போனார். உதவிக்கிடையே அவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் செய்தார். 1939 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். போர் வாசலில் நின்றது. அங்கேயே தங்கியிருக்கலாம். வார்சாவுக்குத் திரும்பி வந்தார். அந்த அக்டோபரிலேயே அன்றாடக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்.

1940 நவம்பர் 16 அன்று கெட்டோ மூடப்பட்டது. சுமார் 3.4 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டார்கள். ஓர் அறைக்குச் சராசரியாக ஏழு பேர். யூதர்களுக்கென்று ஒதுக்கிய அதிகாரபூர்வ ரேஷன் ஒரு நாளைக்கு 200 கலோரியைக்கூட எட்டவில்லை. எஞ்சியதெல்லாம் கள்ளக்கடத்தல். சுவரின் ஓட்டைகளில் நுழைந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்த சிறு பிள்ளைகளை நம்பிப் பல குடும்பங்கள் உயிர்வாழ்ந்தன. 1942 கோடைக்குள் பசியிலும் நோயிலும் மட்டும் 80,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இது நச்சுவாயுவுக்கு முன்னால் நடந்தது.

கெட்டோ மூடப்பட்ட சில நாட்களிலேயே ரிங்கெல்ப்ளூம் தன் இரகசியக் குழுவைக் கூட்டினார். சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு 'ஓய்னெக் ஷாபெஸ்', அதாவது ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று பெயர் வைத்தார்கள். ஹெர்ஷ் வாசெர் செயலாளர். ஆசிரியர்கள், பொருளியலாளர்கள், பத்திரிகையாளர்கள், மதகுருக்கள் என்று காலப்போக்கில் ஏறத்தாழ அறுபது பேர் இதில் பங்கேற்றார்கள். ரிங்கெல்ப்ளூம் ஒருவருடைய நாட்குறிப்பாக இதை நடத்தவில்லை. ஒரு சமூகம் தன்னைத்தானே ஆராயும் கூட்டுமுயற்சியாக அமைத்தார். அதுதான் இந்த ஆவணக்காப்பகத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிக்கிறது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பில் ஒரு சிறுமியின் மனம் இருக்கிறது. இங்கே ஒரு நகரமே இருக்கிறது.

அவர்கள் என்னென்ன சேர்த்தார்கள் என்பதைக் காட்சிக்கூடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவசரமாகக் கடப்பவர்களுக்கு அவை வெறும் காகிதங்கள். மிட்டாய் உறைகள். டிராம் டிக்கெட்டுகள். ரேஷன் சீட்டுகள். நாடகச் சுவரொட்டிகள், இசை நிகழ்ச்சி அழைப்புகள், உணவகங்களின் விலைப்பட்டியல்கள். கட்டளை அறிவிப்புகள். மருந்துச் சீட்டுகள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து வாழ்ந்ததால் யாருக்கு எத்தனை முறை அழைப்புமணி அடிக்க வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்த பட்டியல். போர் தங்களை எப்படி மாற்றியது என்று குழந்தைகள் எழுதிய கட்டுரைகள். தெருவில் பிச்சை கேட்ட சிறுவர்கள் பாடிய பாட்டுகள், அப்போது புழங்கிய நகைச்சுவைகள், வதந்திகள். ஹெர்ஷ் வாசெர் பதிந்துகொண்ட அகதிகளின் வாக்குமூலங்களில், சிற்றூர்களிலிருந்து விரட்டப்பட்டு வார்சாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

மிட்டாய் உறையை ஏன் சேர்க்க வேண்டும்? பட்டினியில் மனிதர்கள் சாகும் தெருவிலேயே மிட்டாயும் விற்றது என்பதற்கு அது சான்று. யாரோ தயாரித்தார்கள், யாரோ வாங்கினார்கள். கெட்டோவில் பணக்காரர்களும் இருந்தார்கள், கடத்தல் முதலாளிகளும் இருந்தார்கள், அவர்களுக்கான உணவகங்களும் இருந்தன. ரிங்கெல்ப்ளூமின் குழு இதை மறைக்கவில்லை. யூதக் காவலர்களின் கொடுமை, யூத மன்றத்தின் ஊழல், கட்டாய உழைப்பு முகாம்களுக்கு ஏழைகளையே பிடித்து அனுப்பியது என எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். பின்னால் படிப்பவர்கள் தங்களைத் தியாகிகள் என்று மட்டும் நினைக்கட்டும் என்று அவர்கள் விரும்பியிருந்தால் இவற்றை விட்டிருப்பார்கள். தங்கள் மக்களைப் பற்றிய கசப்பான உண்மையையும் சாவின் விளிம்பில் நின்று எழுதிவைக்க எத்தனை மன உறுதி வேண்டும் என்று நினைக்க நினைக்க எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

முறையும் இருந்தது. போரின் இரண்டரை ஆண்டுக் கால வாழ்வை முழுமையாக ஆராயும் திட்டம் ஒன்றை 1941 இறுதியில் வகுத்தார்கள். பெண்கள், குழந்தைகள், கடத்தல், மத வாழ்வு, போலந்துக்காரர்களுடனான உறவு என்று தலைப்புகள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வினாப்பட்டியல் தயாரித்தார்கள். செசிலியா ஸ்லாபகோவா பல தரப்புப் பெண்களை நேரில் கண்டு பேசி எழுதினார். ஆண்கள் உழைப்பு முகாம்களுக்குப் போய்விட்ட வீடுகளில் பெண்கள் எப்படிக் குடும்பத்தைத் தாங்கினார்கள் என்பதைச் சொல்லும் அந்த ஆய்வு, இன்று எழுதப்பட்டிருந்தாலும் சமூகவியல் துறை பெருமைப்படும். மதகுரு ஷிமோன் ஹூபர்பாண்ட் மத வாழ்வைப் பதிந்தார். பெரெட்ஸ் ஓபோசின்ஸ்கி கெட்டோவில் தபால்காரராக வேலை பார்த்தார். கடிதம் கொடுக்கப் படியேறிய வீடுகளின் கதையை எழுதினார். முக்கிய ஆவணங்களைப் படியெடுத்து வைத்தார்கள். ஒரு பிரதி அழிந்தாலும் மற்றது தப்பட்டும் என்ற எண்ணம்.

ராகேல் அவுர்பாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் தொடங்கியபோது வார்சாவை விட்டுப் போக இருந்தவரை ரிங்கெல்ப்ளூம் தடுத்து, ஒரு கஞ்சித்தொட்டியை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார். லெஷ்னோ தெரு 40ஆம் எண் வீட்டில் அவர் தினமும் சூப் ஊற்றினார். சூப் குடிக்க வந்தவர்களைப் பற்றி எழுதினார். ஒரு கரண்டி சூப் யாரையும் காப்பாற்றவில்லை, சாவைச் சில வாரம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான் என்று கண்டுகொண்டவர் அவர். உதவி என்ற பெயரில் நடந்ததன் தோல்வியையே ஒளிக்காமல் பதிந்தார். நிவாரணப் பணி பற்றி உலகெங்கும் எழுதப்படும் அறிக்கைகளில் இந்த நேர்மை அபூர்வம்.

1942 மே மாதத்தில் ஜெர்மானியப் படப்பிடிப்புக் குழு ஒன்று கெட்டோவுக்குள் வந்தது. விருந்து மேசைகளை அலங்கரித்து, நன்றாக உடுத்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் பட்டினி கிடப்பவர்களை நிறுத்திப் படமெடுத்தது. யூதர்கள் தங்கள் ஏழைகளையே கைவிட்டவர்கள் என்று காட்டுவது நோக்கம். அந்தப் படச்சுருள்கள் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் ஆவணக்கிடங்கில் கிடைத்தன. வெகுகாலம் அவற்றின் துண்டுகள் உண்மைக் காட்சிகளாகவே ஆவணப்படங்களில் பயன்பட்டன. 2010இல் யாயெல் ஹெர்சான்ஸ்கி எடுத்த ஆவணப்படம் அவை எப்படி அரங்கேற்றப்பட்டன என்பதை விரிவாகக் காட்டியது. ஆனால் கெட்டோவுக்குள்ளிருந்தவர்களின் நாட்குறிப்புகள் அப்போதே இதைச் சொல்லிவிட்டன. ஓய்னெக் ஷாபெஸ் உறுப்பினரான ஆபிரகாம் லெவின் அந்த நாட்களிலேயே படப்பிடிப்பு நாடகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கேமராவின் பொய்யைப் பென்சில் குறிப்பு காட்டிக்கொடுத்தது. இரண்டு சான்றுகளும் ஒரே தெருவைப் பற்றியவைதான். எதை நம்பி அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1942 தொடக்கத்தில் குழுவின் பணியே மாறியது. ஹெல்ம்னோ என்ற ஊரில் யூதர்களை மூடிய வண்டிகளில் ஏற்றிப் புகையால் கொல்லும் வேலை 1941 டிசம்பரில் தொடங்கியிருந்தது. அங்கே பிணங்களைப் புதைக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட இளைஞர் ஒருவர் ஜனவரியில் தப்பினார். 'ஷ்லாமெக்' என்ற பெயரில் அறியப்படும் அவர் வார்சா வந்து சேர்ந்தார். ஹெர்ஷ் வாசெரும் மனைவி ப்ளூமாவும் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதினார்கள். அவருடைய ஊர்க்காரர்கள், அவர் குடும்பத்தவர்கள் எல்லோரையும் அவர் கைகளே குழியில் அடுக்கியிருந்தன. ஆவணக்காப்பகம் அறிக்கைகள் தயாரித்து இரகசிய வழிகளில் வெளியே அனுப்பியது. ஜூனில் லண்டன் வானொலி போலந்து யூதர்களின் படுகொலையை அறிவித்தபோது, குழு தன் கடமையைச் செய்துவிட்டது என்று ரிங்கெல்ப்ளூம் மனநிறைவோடு குறித்துவைத்தார். உலகம் அறிந்தால் உலகம் தடுக்கும் என்று நம்பினார். ஷ்லாமெக் அதற்குள் பெல்ஷெட்ஸ் முகாமில் கொல்லப்பட்டிருந்தார். வானொலிச் செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 22 அன்று வார்சா கெட்டோவிலிருந்து ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. செப்டம்பர் 21க்குள் சுமார் 2,65,000 பேரைக் கொண்டுபோனார்கள்.

அந்த வாரங்களில்தான் முதல் தொகுதியைப் புதைத்தார்கள். நோவோலிப்கி தெருவில் இருந்த பள்ளி ஒன்றின் அடித்தளத்தில், ஆசிரியர் இஸ்ராயெல் லிஹ்டென்ஷ்டாய்னும் அவருடைய மாணவர்களாக இருந்த டாவிட் கிராபெர், நாஹும் கிஷிவாச் என்ற இளைஞர்களும் பத்து உலோகப் பெட்டிகளை இறக்கினார்கள். ஆகஸ்ட் முதல் வாரம். வெளியே ஆள்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. கிராபெருக்கு 19 வயது. மூவரும் ஆளுக்கொரு மரணசாசனம் எழுதிப் பெட்டிகளுக்குள் வைத்தார்கள். தாங்கள் பிழைப்போம் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. இந்தப் புதையல் கண்டெடுக்கப்பட வேண்டும், உலகுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவற்றில் இருந்த வேண்டுகோள். கிராபெர் எழுதிய தாள் இன்று காட்சிக்கூடத்தின் மையமான ஆவணங்களில் ஒன்று. 2017இல் திறக்கப்பட்ட நிரந்தரக் காட்சிக்குத் தலைப்பே அவர் சொற்களிலிருந்து எடுத்ததுதான்.

லிஹ்டென்ஷ்டாய்னின் மனைவி கேலா செக்ஷ்டாய்ன் ஓவியர். குழந்தைகளின் படங்கள் உட்பட அவர் வரைந்த நீர்வண்ணப் படங்களும் கோட்டோவியங்களுமாக முந்நூறு அளவில் அந்தப் பெட்டிகளுக்குள் போயின. தன்னையும் ஒன்றரை வயது கடந்த தன் மகள் மார்கோலித்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதிவைத்தார். அந்தக் குடும்பத்தில் யாரும் பிழைக்கவில்லை. அவர் வரைந்த முகங்கள் பிழைத்தன. குழந்தைகள் அவற்றில் தூங்குகிறார்கள், முறைக்கிறார்கள், சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்ட்ரோப்பின் அறிக்கையில் உள்ள சிறுவனுக்கு அச்சம் தவிர வேறு எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. கேலா வரைந்த பிள்ளைகளுக்கு முழு வாழ்க்கை இருக்கிறது.

ஆபிரகாம் லெவின் மனைவி லூபாவை ஆகஸ்ட் 12 அன்று பறிகொடுத்தார். அன்றும் எழுதினார். அடுத்த ஜனவரி வரை எழுதினார். ட்ரெப்லிங்காவிலிருந்து தப்பி வந்த ஆபிரகாம் கிஷெபிட்ஸ்கியின் நீண்ட வாக்குமூலத்தை ராகேல் அவுர்பாக் பதிந்தார். இப்படிச் சேர்ந்த இரண்டாம் தொகுதியை 1943 பிப்ரவரியில் இரண்டு பெரிய பால் கேன்களில் அடைத்து அதே பள்ளியின் கீழ் புதைத்தார்கள். எழுச்சிக்குச் சற்று முன் மூன்றாவது தொகுதியும் வேறோர் இடத்தில் புதைக்கப்பட்டது.

ரிங்கெல்ப்ளூம், மனைவி யெஹூதிஸ், மகன் ஊரி மூவரும் சுவருக்கு வெளியே, குரோயெட்ஸ்கா தெருவில் ஒரு தோட்டத்தின் அடியில் தோண்டிய பதுங்குகுழியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களோடு ஒளிந்திருந்தார்கள். நிலத்துக்கடியில் அந்த நெரிசலில் உட்கார்ந்து அவர் போர்க்காலத்தில் போலந்துக்காரர்களும் யூதர்களும் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு நூலே எழுதினார். 1944 மார்ச் 7 அன்று பதுங்குகுழி கண்டுபிடிக்கப்பட்டது. சில நாட்களில் எல்லோரையும் கெட்டோவின் இடிபாடுகளுக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்த போலந்துக்காரர் மியேசிஸ்வாவ் வோல்ஸ்கியையும் அவருடைய மருமகனையும் கொன்றார்கள்.

குழுவின் உறுப்பினர்களில் போரைக் கடந்தவர்கள் மூன்றே பேர்: ஹெர்ஷ் வாசெர், ப்ளூமா வாசெர், ராகேல் அவுர்பாக். வார்சாவில் அப்போது தெருக்களே இல்லை. கெட்டோ இருந்த இடம் கண்ணுக்கெட்டிய தூரம் செங்கல் குவியல். புதையலைத் தேடும்படி அவுர்பாக் விடாமல் வலியுறுத்தினார். பள்ளி இருந்த இடத்தை அறிந்தவர் வாசெர். 1946 செப்டம்பர் 18 அன்று முதல் தொகுதியின் பத்துப் பெட்டிகள் கிடைத்தன. அவற்றைப் பற்றவைத்து மூட நேரம் இருந்திருக்கவில்லை. தண்ணீர் புகுந்து தாள்கள் ஒட்டிக்கொண்டு, மை கரைந்து, பூஞ்சை பிடித்திருந்தது. 1950 டிசம்பர் 1 அன்று அங்கே புதுக் குடியிருப்பு கட்டிய தொழிலாளர்கள் இரண்டு பால் கேன்களையும் தோண்டியெடுத்தார்கள். அவற்றில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. மூன்றாவது தொகுதி கிடைக்கவே இல்லை. இப்போது சீனத் தூதரகம் இருக்கும் நிலத்தில் அது இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

கிடைத்தவை சுமார் 35,000 பக்கங்கள். இத்திஷ், போலிஷ், எபிரேயம், ஜெர்மன் எல்லாம் உண்டு. 1999இல் யுனெஸ்கோ இதை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பால் கேன்களில் ஒன்று வார்சாவிலும் மற்றது வாஷிங்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. துருவேறிய அந்தக் கேனின் அருகே பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்கிறார்கள். புரிகிறது. கேன் கண்ணுக்கு எளிதாகப் பிடிபடுகிறது. ஆனால் காட்சிக்கூடத்தில் உண்மையான கனம் தாள்களில்தான் இருக்கிறது. தண்ணீர் தின்ற ஒரு பக்கத்தில் வரிகளின் நடுப்பகுதி மறைந்து ஓரங்கள் மட்டும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தப் பக்கங்களோடு போராடி, முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் போலிஷ் மொழியில் பதிப்பித்திருக்கிறார்கள்.

இத்தனை பெரிய ஆவணம் இருந்தும் வரலாற்றெழுத்து இதன் பக்கம் வர நீண்ட காலம் எடுத்தது. நூரம்பெர்க் விசாரணையில் அரசுத் தரப்பு பெரிதும் ஜெர்மானிய ஆவணங்களையே நம்பியது. குற்றவாளிகளின் கையெழுத்தே அவர்களுக்கு எதிரான சான்று என்பது நீதிமன்றத்துக்கு வலுவான வழிதான். 1961இல் வெளியான ரால் ஹில்பெர்கின் பெருநூலும் அந்த ஆவணங்களின் மீதே நின்றது. கொலை இயந்திரம் எப்படி இயங்கியது என்பதை அதைப்போல் யாரும் விளக்கியதில்லை. ஆனால் அந்த இயந்திரத்துக்குள் அகப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு. சால் ஃப்ரீட்லெண்டர்தான் 1997இலும் 2007இலும் வந்த தன் இரண்டு தொகுதிகளில் நாட்குறிப்புகளின் குரலை வரலாற்றின் நடுவே கொண்டுவந்தார். அதே 2007இல் சாமுவேல் காசோ ரிங்கெல்ப்ளூம் ஆவணக்காப்பகத்தின் வரலாற்றை முழுமையாக எழுதினார். புதைத்தவர்களின் வேண்டுகோள் வெளியுலகத்தை விரிவாகச் சென்றடைய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நூல்களில் நடந்த இந்தத் தாமதம் அருங்காட்சியகங்களிலும் நடந்தது. ரயில் பெட்டி, முள்வேலி, சூளைக்கதவு ஆகியவை முதலில் வந்தன. எழுதியவர்களின் தாள்கள் கடைசியில் வந்தன.

இந்தக் காப்பகத்துக்கும் எல்லை உண்டு. அதை எழுதியவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், அரசியல் சார்புள்ளவர்கள், வார்சாவைச் சேர்ந்தவர்கள். எழுத்தறியாத அகதியின் குரல் அவர்களுடைய பேனா வழியாகத்தான் நமக்கு வருகிறது. வார்சாவைத் தவிர லோட்ஸ், பியாவிஸ்டோக், வில்னா போன்ற இடங்களிலும் ஆவணம் சேர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான சிற்றூர்களிலிருந்து ஒரு தாளும் மிஞ்சவில்லை. ட்ரெப்லிங்கா வார்சாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம். நாஜிகள் முகாமை இடித்து உழுது மூடிவிட்டதால் காட்ட எதுவும் இல்லை. 1964இல் அங்கே சுமார் 17,000 கற்களை நட்டார்கள். சிலவற்றில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. ஒரே ஒரு கல்லில் மட்டும் தனிமனிதர் பெயர்: தன் அநாதை இல்லக் குழந்தைகளோடு ரயிலேறிய யானுஷ் கோர்ச்சாக். மற்றவர்களுக்கு ஊர்ப்பெயராவது கிடைத்தால் பெரிது. இதனால்தான் ஜெருசலேமின் யாத் வஷேம் ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சிப்பக்கம் என்று பெயர்களைத் திரட்டி வருகிறது. அந்த நிறுவனத்தில் 1954 முதல் வாக்குமூலங்கள் சேகரிக்கும் பிரிவை நடத்தியவர் ராகேல் அவுர்பாக். கெட்டோவில் கற்ற வேலையை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார்.

ரிங்கெல்ப்ளூம் பதுங்குகுழியில் எழுதிய நூலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். யூதர்களைக் காட்டிக்கொடுத்துப் பணம் பறித்த போலந்துக்காரர்களைப் பற்றி அவர் கடுமையாக எழுதினார். உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்களைப் பற்றியும் நன்றியோடு எழுதினார். இரண்டையும் ஒன்றால் மற்றொன்றை மறைக்காமல் எழுதினார். 2018இல் போலந்து அரசு, நாஜிக் குற்றங்களில் போலந்து நாட்டுக்கோ தேசத்துக்கோ பங்குண்டு என்று சொல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் சில மாதங்களில் சிறைத்தண்டனைப் பிரிவை நீக்கினார்கள். தேசத்தின் பெருமைக்காக நினைவைத் திருத்த முனையும் எந்த அரசுக்கும் ரிங்கெல்ப்ளூமின் அந்த நூல் பொருத்தமான பதில். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடியவர்களும் காப்பாற்றியவர்களும் தலைக்கு மேலே நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவரால் நியாயமாக எழுத முடிந்தது.

வார்சா போகிறவர்கள் காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு நகரத்துக்குள் நடக்க வேண்டும். கெட்டோச் சுவர் போன பாதையை 2008 முதல் நடைபாதையில் பதித்த உலோகப் பட்டைகள் காட்டுகின்றன. முரானுஃப் குடியிருப்பில் பல கட்டடங்கள் தெருமட்டத்துக்கு மேலே திட்டுகளில் நிற்கும். கெட்டோவின் இடிபாடுகளை அகற்ற முடியாமல் அவற்றின் மேலேயே கட்டினார்கள், இடிபாட்டுச் செங்கல்லை அரைத்தே கட்டினார்கள். ரயிலேற்றிய இடமான ஸ்டாவ்கி தெருவில் உள்ள நினைவுச்சுவரில் நானூறுக்கும் மேற்பட்ட முதற்பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி இருந்த நோவோலிப்கி தெருவில் 2021இல் ஒரு கண்ணாடிக் கனசதுரம் நிலத்தில் பதிக்கப்பட்டது. அதனுள் கிராபெரின் மரணசாசனத்தின் நகல் இருக்கிறது.

ஆஷ்விட்ஸுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் அதற்கு முன்பு வார்சாவில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி இந்தத் தாள்களைப் படியுங்கள். அந்தக் காலணிகளுக்குள் இருந்தவர்கள் யார், என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பது தெரிந்த பிறகு அங்கே போவதுதான் முறை. பயணம் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. யூத வரலாற்று நிறுவனம் இந்த ஆவணங்களின் படிமங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. பல பகுதிகள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. அவுர்பாக்கின் கஞ்சித்தொட்டிக் குறிப்புகளும், ஸ்லாபகோவாவின் பெண்கள் பற்றிய ஆய்வும், மூன்று மரணசாசனங்களும் தமிழில் ஒரு தொகுப்பாக வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பகங்களும் இதை ஒரு கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.